தெருவைத் தாண்டும் ஒயர்

எங்கள் தெரு பெர்பெத்தா அக்காவுக்குப் புதுக் கிறுக்கு பிடித்திருக்கிறது. இன்டர்நெட் கேபிள் எங்கெங்கே போகிறது என்று உலகமே சேர்ந்து வரைந்து பார்க்கும் ஒரு இணைய வரைபடத்தில், கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக் கோடு போடுகிறாள். கடலுக்கடியில் போவதையெல்லாம் யாரோ வரைந்துவிட்டார்களாம். தெருவுக்கு இவள்தான் பொறுப்பாம். நேற்று, தன் மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தங்கை ரெஜினாவின் ஜன்னலுக்குப் போகும் ஒயரையும் வரைந்தாள். ஒரே கனெக்‌ஷன் இரண்டு வீட்டுக்கும் போதும் என்று அவர்களே கட்டியது. அப்புறம் சண்டை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. காரணம் எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒயரை மட்டும் இருவரும் அறுக்கவில்லை.

வரைந்த கோட்டை அதே தெருக்காரர் இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டுமாம்.

“நான் பண்ணித் தரட்டுமாக்கா?”

“நீ சும்மா கெட. பாக்க வேண்டியவ பாப்பா.”

“பாக்கலன்னா?”

“கோட்ட அழிச்சிருவாங்க.” குரல் இறங்கிவிட்டது.

நான் நேரே ரெஜினாவிடம் போய்ச் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

இன்று காலை கோடு பச்சையாகியிருந்தது. உறுதிசெய்தவர் ரெஜினா. கீழே ஒரு குறிப்பு: ‘பயன்பாட்டில் உள்ளது. நடுவில் தொய்ந்து தொங்குகிறது. இழுத்துக் கட்ட இரண்டு பேர் வேண்டும்.’

அக்கா அதை நாலு தடவை படித்தாள். “திமிரப் பாரு அவளுக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டு ஏணியைக் கேட்டாள்.

நானும் வரட்டுமா என்றேன். ஏணி போதும் என்றாள்.