நடுவில் ஒரு சந்து

விபத்தில் என் முன்பற்கள் நான்கும் போன பிறகு, என் கணவருக்கு நான் யாரென்று தெரியவில்லை. மறதி நோய் முகங்களை முன்பே அழித்துவிட்டது. என் குரல் ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்தது. அதுவும் மாறியதும், சோறு ஊட்டப் போனால், “நீங்க யாரும்மா?” என்று மரியாதையாக ஒதுங்கினார்.

அதனால் அவரையும் பல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். தாடை எலும்பில் திருகு பதிப்பதற்கு முன்பே, புதுப் பற்களோடு நான் எப்படிப் பேசுவேன் என்று, தட்டச்சு செய்யும் சொற்களை என் குரலிலேயே அங்குள்ள கருவி பேசிக் காட்டும்.

டாக்டர் ரெஜினா புதுப் பல்வரிசைக்கான முதல் திட்டத்தைத் திரையில் ஓட்டினார்.

“சாப்பிட வாங்க,” என்றது கருவி.

கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரிசை ரொம்ப ஒழுங்கா இருக்கு டாக்டர். எனக்கு நடுவுல சந்து உண்டு.”

“எல்லாரும் அதை அடைக்கத்தான் கேப்பாங்க. அதான் கருவி தானாவே அடைச்சிட்டுது,” என்று சிரித்தபடி, திரையில் பற்களைச் சற்று விலக்கினார்.

மறுபடியும் அதே அழைப்பு, மெல்லிய காற்றோடு.

கணவர் திரும்பினார். “ஏட்டி செலின், எங்க போயிருந்த? எவளோ ஒருத்தி எனக்குச் சோறு ஊட்டுதா.”

நான் வாயைத் திறந்தால் மறுபடியும் அந்த எவளோ ஒருத்தியாகிவிடுவேன். டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் விசைப்பலகையை என் மடியில் வைத்துவிட்டு, அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல வெளியே போனார்.

‘இங்கதான் இருக்கேன்’ என்று தட்டினேன். குரல் வந்த பக்கம் பார்த்து, கணவர் நிம்மதியாகச் சிரித்தார்.