சூசையப்பருக்குக் கண் எழுதிய நாள்

பெரியவர் முக்காலியை இழுத்து, சூசையப்பருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சலவைச் சட்டை. தலைக்கு எண்ணெய். கைகள் முழங்கால்மேல்.

அசையவில்லை.

சூசையப்பரும் அசையவில்லை. அவருக்குத் தாடி முடிந்திருந்தது. கையில் லீலிப் பூ முடிந்திருந்தது. செருப்பு வார் வரைக்கும் முடிந்திருந்தது. கண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளை.

பெரியவரின் மனைவி இஞ்ஞாசியம்மாள், தான் செய்கிற எந்தச் சுரூபத்துக்கும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவாள். சூசையப்பருக்கு எழுதுவதற்குள், போன ஜூன் மாதம், போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எட்டுப் பிள்ளை பெற்றவள். ஊரில் பாதிப் பேருக்கு ஞானத்தாய். சுற்று வட்டாரக் கோயில்களில் நிற்கிற புனிதர்களெல்லாம் அவள் கையால் உருவானவர்கள். அதே சாயக் கையோடு குழம்பைக் கலக்குவாள். சில நாள் அந்த வீட்டு மீன்குழம்பு நீலமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் மட்டும் வக்கீலானான்.

அவள் செய்த மாதாவின் தாடையில் மச்சம் எதற்கு என்று ஒரு பங்குச்சாமியார் கேட்டார்.

"சாமி மாதாவ நேர்ல பாத்திருக்கீங்களா?"

மச்சம் இன்னும் இருக்கிறது. சாமியார்தான் மாற்றலாகிப் போனார்.

இவ்வளவு பெரிய மனுஷிக்கு, கண் எழுதும் நாளில் மட்டும் புருஷன் வேண்டும்.

"எதிர்ல ஆளில்லாம கண்ணு எங்க பாக்கும்? ஆடாம இரிங்க."

இருப்பார். அவரை ஒரு பார்வை பார்ப்பாள். ஒரு கோடு இழுப்பாள். மறுபடி பார்ப்பாள். அன்றைக்கு அவர்மேல் அவளுக்கு என்ன இருந்ததோ, அது அப்படியே சுரூபத்தின் கண்ணில் இறங்கிவிடும். ஊருக்கு இது தெரியாது. புனிதர்களின் பார்வை என்று கும்பிடுகிறார்கள்.

கீழத்தெரு அந்தோனியாருக்குக் கண் எழுதிய காலையில், அவளுக்கு இடது கை சுளுக்கியிருந்ததால், புருஷன்தான் தலை பின்னிவிட்டிருந்தார். அந்த அந்தோனியாருக்கு முன்னால் தொடர்ந்து முழந்தாளிட்டவர்களுக்குக் கல்யாணம் கூடிவிடும் என்று பேச்சு. தினமும் அங்கே விளக்கேற்றிய உபதேசியார், எழுபது வயதில், தப்பிக்க வழியில்லாமல் கட்டிக்கொண்டார்.

இப்போது வீட்டில் அவரும் சூசையப்பரும்தான்.

பிள்ளைகள் போன் செய்கிறார்கள். "சாப்பிட்டீங்களாப்பா?" எட்டுப் பேருக்கும் ஆமாம் என்கிறார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சூசையப்பர் பக்கத்தில் உட்காருகிறார். கண் இல்லாதவரோடு சாப்பிடுவதில் ஒரு வசதி. எவ்வளவு ஊறுகாய் எடுத்தாலும் கேள்வி கிடையாது.

ஊறுகாய் முன்னைப்போல் ருசிக்கவும் இல்லை.

விழாக் கமிட்டி சுரூபத்தைக் கேட்டு வந்தபோதெல்லாம் ஒரு சாக்கு வைத்திருந்தார். மழை என்றார். பெயின்ட் காயவில்லை என்றார். கடைசியில், சூசையப்பரே கனவில் வந்து அவசரமில்லை என்று சொன்னதாகச் சொன்னார்.

"எங் கனவுலயும் வந்தாரு மாமா," என்றார் கமிட்டித் தலைவர். "நாளைக்குக் கொடியேத்தம், வெரசா ஆளப் பிடின்னுட்டுப் போனாரு."

ஆளைப் பிடித்துவிட்டார்கள். இன்றைக்கு டவுனிலிருந்து பெயின்டர் வருகிறார்.

யார் எழுதினால் என்ன என்று பெரியவர் இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எதிரே தான் உட்கார்ந்தால் சரி. பார்வை தன்மேல் விழுந்தால் சரி. அவள் மிச்சம் வைத்துப் போன கடைசிப் பார்வை அது.

அதற்குத்தான் சலவைச் சட்டை.

பெயின்டர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். டப்பாவைத் திறந்தார். செல்போனில் ஒரு படத்தைப் பார்த்தார். சூசையப்பரைப் பார்த்தார். எதிரே பார்க்கவில்லை.

"பாட்டையா, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க. வெளிச்சம் மறைக்கி."

எழுந்தார். முக்காலியையும் எடுத்துக்கொண்டார்.

அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

டீ ஆறுவதற்குள் கண் வந்துவிட்டது. அழகான கண். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எங்கன நின்னாலும் உங்களையே பாக்கும் பாட்டையா. வேணும்னா நின்னு பாருங்க."

வாசலில் நின்றார். பார்த்தது. அடுப்படியில் நின்றார். பார்த்தது. முற்றத்தில் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று போனது.

அதையும் பார்த்தது.

லோடு ஆட்டோவில் சூசையப்பரை ஏற்றினார்கள். நீங்களும் ஏறுங்க மாமா என்றார்கள். முழங்கால் வலி என்றார். ஆட்டோ தெரு முனை திரும்பியதும், விறுவிறுவென்று நடந்துபோய் பஸ் ஏறினார்.

பக்கத்து ஊர் மிக்கேல் சம்மனசு கோயில். மத்தியானம். உள்ளே ஒருவரும் இல்லை.

அந்த வானதூதர் மிக்கேல், ஓங்கிய வாளோடு சாத்தானை மிதித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் சாத்தானைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்துத் தூணடியைப் பார்க்கிறார். அப்படி ஒரு பார்வை. பூசைக்குக் கூட்டம் நெரிந்தாலும் அந்தத் தூணடியில் மட்டும் எவரும் உட்காருவதில்லை. ஏனென்று அந்த ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

இஞ்ஞாசியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மூத்த மகளுக்கு அவர் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வந்ததற்கு மறுநாள் எழுதிய கண் அது.

ஜூன் மாதத்திலிருந்து அவரை யாரும் திட்டவில்லை.

தூணடிக்குப் போனார். துண்டால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

சௌகரியமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தார்.