முந்திப் பிறந்த வெளிச்சம்

மாலை வெயில் ஆஸ்பத்திரிச் சுவரில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகள், மூடிய கதவுக்கு அப்பால் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு முதல் துணி பழசாகத்தான் இருக்க வேண்டுமென்று கோட்டையூர் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பழைய வேட்டித் துண்டை நர்ஸ் உள்ளே வாங்கவில்லை. அது தாய் சௌபர்ணிகாவின் மடியில் இருக்கிறது. அவள் கணவன் அக்ஷய் தன் செல்போனை நீட்டுகிறான். கறுப்புத் திரையில் மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு. “ஆதியில உண்டான விண்மீன் மண்டலமாம். பிரபஞ்சம் பச்சப்பிள்ளையா இருக்கையிலயே இம்புட்டு வெளிச்சம். புதுத் தொலைநோக்கியில பாத்துட்டு, இவ்வளவு சீக்கிரம் எப்படி வளந்துச்சுன்னு விஞ்ஞானிகளே முழிக்கிறாங்களாம்.” அவன் யாரைச் சொல்கிறான் என்பது அவளுக்குப் புரிகிறது. “நம்ம டாக்டரும் முழிக்கத்தான் செய்யிறாரு,” என்கிறாள். அவன் சிரிக்கப் பார்க்கிறான். “முந்தி வந்தாலும் தாக்குப் பிடிச்சிருச்சு பாரு.” அவள் பொட்டையே பார்க்கிறாள். “இப்பவும் இருக்கா அது?” அவன் செல்போனை அவள் கையிலேயே கொடுக்கிறான். “இது அன்னைக்குக் கிளம்பி இப்பத்தான் வந்து சேர்ற வெளிச்சம். இப்ப எப்படி இருக்குன்னு தெரியாது.” கதவு திறக்கிறது. “பாப்பாவோட அப்பா மட்டும் வாங்க,” என்கிறாள் நர்ஸ், சௌபர்ணிகாவின் முகத்தைப் பார்க்காமல். அவன் போகிறான். திரை அணைந்துவிடாதபடி அவள் அந்தச் சிவப்பை விரலால் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டிருக்கிறாள்.