நூலாம்படை

மறுநாள் வீட்டில் ஜெபம். விட்டத்தில் ஒன்று, சன்னலில் ஒன்று என்று நூலாம்படையை விரட்டிக்கொண்டே வந்த ராஜபாய், கடைசியில் அலமாரி மேல் இருந்த விமானத்தின் முன் வந்து நின்றாள்.

பழைய காலத்துப் போர் விமானத்தின் சின்ன மாதிரி. ஒரு முழத்துக்கும் குறைவு. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, இரண்டுக்கும் நடுவில் மெலிசு மெலிசாக இழைகள்.

செய்து முடித்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் சிலந்திக்குக் குடித்தனம் கேட்கிறதா என்று முனகிக்கொண்டே, ஈரத்துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள்.

டிக் என்றது. பிறகு வரிசையாக டிக் டிக்.

நூலாம்படை அறுந்தால் சத்தம் வராது. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மேல் இறக்கை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. போகட்டும், பெனிஷ் வந்து ஒட்டிக்கொள்வான். கந்தல் துணியை அப்படியே முற்றத்தில் எரிந்துகொண்டிருந்த சருகில் போட்டுவிட்டு, வாரியலை எடுத்து அறையைப் பெருக்கினாள்.

பெனிஷ் அவளுடைய மருமகன். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். மகள் ஜெஸ்பினுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே வேலையை உதறிவிட்டு வந்தான். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் பத்து மாதம் அலைந்தான். நாளையோடு அவள் போய் ஒரு வருஷம்.

அந்த ஒரு வருஷமும் அவன் இருந்தது இந்த விமானத்தோடுதான். ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்த பெட்டியைப் பிரித்து, நகத்தளவு துண்டுகளாக ஒட்டிக்கொண்டே இருந்தான். ஆலயத்துக்கு வரவில்லை. சோறு வைத்தால் ஆறிப்போகும்.

போன வாரம்தான் அடுக்களை வாசலில் வந்து நின்று, முடிஞ்சுது மாமி, சாப்பாடு தாறியளா என்று கேட்டான். தானே கேட்டான்! ராஜபாய் அவனுக்குப் பரிமாறிவிட்டுப் பின்பக்கம் போய் வாய்விட்டு அழுதாள். மகள்தான் போய்விட்டாள், இவனாவது மிஞ்சட்டும் என்று அவள் முழங்காலில் நின்றது கொஞ்சமா?

ஜெபத்துக்கு நாற்காலி சொல்லப் போயிருந்தவன் பதினோரு மணிக்குத் திரும்பினான். அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நூலாம்படைன்னு நெனச்சுத் தொடச்சுப் போட்டேன் மக்களே. நூலுதானே? இப்பமே கோட்டாறுக்குப் போயி ஒரு கண்டு வாங்கிட்டு வாறேன்."

பெனிஷ் உள்ளே வந்தான். விமானத்தைக் கையில் எடுத்து, இறக்கையில் இருந்த பொடித் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"நூலு இல்ல மாமி. ஜெஸ்பினுக்க முடி."

ஆஸ்பத்திரியில் சீப்போடு வந்ததை அவன் காகிதத்தில் மடித்து வைத்திருந்தானாம். அத்தனையையும் இதில்தான் கட்டினானாம். மிச்சம் ஒன்றுகூட இல்லையாம். செய்தி வாசிக்கிறவனைப் போல அதைச் சொன்னான்.

ராஜபாய் தன் கையைப் பார்த்தாள். பேன் பார்த்து, எண்ணெய் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய கை. அந்தக் கைதான் ஈரத்துணியைச் சுற்றியது. கர்த்தாவே, ஒரு தாய்க்கு இதுகூடவா தெரியாமல் போகும்?

துணி எங்கே என்று கேட்டான். அவள் முற்றத்தைக் காட்டினாள். அவன் போய்ச் சாம்பலைக் கிளறினான். சூடு ஆறாத சாம்பல். விரல் சுட்டும் கையை எடுக்கவில்லை. போதும் மக்களே என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். எதிரே சுவரோரம் வாரியல் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எட்டி இழுத்தான்.

ஈர்க்குகளுக்கு நடுவில் ஒரு முடி சுற்றிக் கிடந்தது. கருகருவென்று, நீளமாக.

"இருக்கு மாமி, இருக்கு! எல்லாம் போகல்ல!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள். வெள்ளைக் காகிதத்தை விரித்து, அறுந்துவிடாமல் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். ஏழு கிடைத்தது. பறந்துவிடும், ஃபேனை நிறுத்துங்க என்றான்.

ஃபேனை நிறுத்திவிட்டு ராஜபாய் காகிதத்தின் மேல் குனிந்தாள்.

ஒவ்வொரு முடியின் ஒரு முனையிலும் அரிசியளவுக்கு வெள்ளை.

முப்பத்தொரு வயதில் போன ஜெஸ்பினுக்கு ஒரு நரை கிடையாது. மாதம் தவறாமல் கதவைச் சாத்திக்கொண்டு டை அடிப்பது ராஜபாய்தான். காலையில் இந்த அறையில் நின்றுதான் தலை சீவினாள். மகளுடையது ஒன்றுவிடாமல் அந்தத் துணியோடு போய்விட்டது.

வாயைத் திறந்தாள். அவன் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தான். மூடிக்கொண்டாள்.

முனை பிசிறாக இருக்கிறது என்று சொல்லி, கத்தரிக்கோலை எடுத்து அவளே ஏழையும் நறுக்கிக் கொடுத்தாள்.

"இருபத்தெட்டு வேணும் மாமி. அந்த ரூமிலயும் கெடக்கும், பாருங்க."

பார்க்கிறேன் மக்களே என்று ராஜபாய் அடுத்த அறைக்குப் போனாள். கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள்.