டக், டக்!

"கேளுங்க மேடம், மறுபடியும் தட்டுது!" என்றார் லேப் மேனேஜர்.

இயந்திரக் கை, சுண்டுவிரல் அளவுள்ள ரத்தக் குப்பியைத் தன் இரண்டு உலோக விரல்களால் பூப்போலத் தூக்கியது. ட்ரே வரைக்கும் சமர்த்தாகக் கொண்டுபோனது. வைப்பதற்கு முன் ட்ரே விளிம்பில் இரண்டு தட்டு. டக், டக்!

"தட்டுற தட்டுல ரத்தம் நுரைச்சுப் போகுது. ரிசல்ட் எல்லாம் தாறுமாறு."

சர்வீஸ் எஞ்சினியருக்குச் சுருக்கென்றது. அந்தக் கை அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. மோட்டாரைப் பார்த்தாள், விரல்களின் பிடியைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"பத்து நாள் முன்னாடி நான் மாட்டிட்டுப் போனப்ப நல்லாத்தான் சார் இருந்துச்சு. இதோட கையைப் பிடிச்சு ஒரு தடவை வேலையைச் செஞ்சு காட்டினா, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கும். யாரோ குரங்குச் சேட்டை பண்ணியிருக்காங்க."

மேனேஜர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். தடித்த கண்ணாடி போட்ட அவருக்கு லேபில் சோடாபுட்டி என்று பெயர்.

"இதுகிட்ட நிக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் நோண்டினீங்கன்னு தெரிஞ்சா, நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் தொடலை சார்!" அவர் குரல் உடைந்தது.

எஞ்சினியருக்குப் பாவமாக இருந்தது. அதைவிட, யார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"ஆளுக்கொரு குப்பி எடுத்து வைங்க, பார்க்கலாம்."

சோடாபுட்டி சத்தமில்லாமல் வைத்தார். மேனேஜர் தொப்பென்று வைத்தார். கூட்டிப் பெருக்கும் அம்மாள் சாமி படத்தை வைப்பதுபோல் வைத்தாள். ஒருவரும் தட்டவில்லை.

"ஆறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மர்மத்தைப் பார்த்ததில்ல. யாருன்னு கண்டுபிடிக்காம நகர மாட்டேன்!"

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரை மேஜையில் வைத்தாள்.

டக், டக்!

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், மாட்டின அன்னிக்கு அதோட கையைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே?"