சிவப்பு அட்டைக்குப் பிறகு

ஆட்டம் முடிந்து குருநகர் அணி வென்றுவிட்டது. ஆனாலும் எல்லைக் கயிற்றின் இரு பக்கமும் நிற்பவர்கள் வீட்டுக்குப் போவதாயில்லை. மாலை வெயில் கோல் கம்பத்தின் நிழலை மைதானத்தின் நடுவரை இழுத்திருக்கிறது. கடற்காற்றில் எழும்பும் புழுதி எல்லோருடைய கண்ணிலும் விழுகிறது. கடைசி நேரத்தில் எதிரணி ஆளை விழுத்திச் சிவப்பு அட்டை வாங்கிய குருநகர் றயன் சப்பாத்தைக் கழற்றாமல் ஒதுங்கி நிற்கிறான். நடுவர் மனம் மாறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம் அவனுக்கு இல்லை. "அவன் பந்துக்குத்தான் போனவன், சேர்!" என்று குருநகர் ஆதரவாளர் யேசுதாசன் நடுவரை மறித்துக் கத்துகிறார். "ஓமோம், பந்து என்ன எங்கடை கஜானன்ரை முழங்காலிலையே கிடந்தது?" என்கிறார் வடமராட்சியிலிருந்து தங்கள் அணியோடு வந்த கனகலிங்கம். "உங்கடை பெடியள் காத்தடிச்சாலும் விழுவாங்கள்" என்று யேசுதாசன் திருப்பிக் கொடுக்கிறார். "ஆளை விழுத்தாமல் நீங்கள் எப்ப அண்ணை வெண்டனீங்கள்?" கயிறு அங்குமிங்கும் ஆடுகிறது. ஒருவன் கைபேசியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறான், புழுதிதான் தெரிகிறது. நடுவர் தயங்கி றயனிடம் திரும்புகிறார். "நீயே சொல்லு, தம்பி." றயனின் விரல்கள் கழுத்துச் சிலுவையை உருட்டுகின்றன. "காலுக்குத்தான் போனனான், சேர்."

யேசுதாசன் தலையில் கைவைத்தபடி திரும்பி நடக்கிறார். கனகலிங்கம் பிடித்திருந்த கயிற்றை விடுகிறார். றயன் கயிற்றைக் குனிந்து கடந்து, எதிரணியினர் அமரும் வாங்கில் கால் நீட்டியிருக்கும் கஜானனின் முன் போய் நிற்கிறான். வீங்கிய முழங்காலில் ஐஸ் பொதியை அழுத்தியபடி கஜானன் நிமிர்ந்து அவனை நெடுநேரம் பார்க்கிறான். பிறகு நகர்ந்து இடம் விடுகிறான். "எனக்குக் கை விறைச்சுப் போச்சு. இதைக் கொஞ்சம் பிடி, மச்சான்."