இரண்டாவது ஃப்ரீ த்ரோ

அணி அடுத்த மாதம் வேறு நகரத்துக்குக் குடிபெயர்கிறது என்றதும் கடைசி ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வந்துவிட்டது. ஒன்பது வருடங்களாகக் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்த ஜெசிந்தாவுக்கு இன்று முழங்கையை வைக்க இடமில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மடிப்புக் கலையாத புது ஜெர்சியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே. ஆட்டத்துக்குப் புதுசா மேடம்?"

அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கடைசி நொடியில் அதன் ஆட்டக்காரன் சேவியருக்கு, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஒரு புள்ளி வாய்ப்பான ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்தன. நம் ஆட்டக்காரன் எறியும்போது அரங்கம் மூச்சடக்க வேண்டும், கூச்சல் எதிரணிக்காரனின் குறியைக் கெடுக்கத்தான். அதுகூடத் தெரியாத கூட்டம் "போகாதே, போகாதே" என்று அலறியது. முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

"பாவம், அவனுக்கும் மனசு சரியில்ல" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

கெடுத்ததும் இவர்கள், பரிதாபப்படுவதும் இவர்களா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பாத சேவியர், நிரம்பி வழிந்த அரங்கைச் சுற்றிப் பார்த்து நெஞ்சில் கைவைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டாவது பந்தை அவன் உயர்த்தியபோது ஜெசிந்தா எழுந்து நின்று, எதிரணிக்கு வைத்திருந்த கூச்சலை எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்.